ஒரே தண்ணீருக்கு இரண்டு எண்கள்

2013இல், பிப்ரவரி கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை, நானும் என் கணவரும் உப்புநீர் மீன்தொட்டிக்கான சோதனைப் பெட்டிகளைத் தேடி அலைந்தோம். மூன்று பெட்டிகள் வாங்கினோம். மூன்றிலும் பெரிய குறை எதுவும் இல்லை என்று இப்போது தெரியும். கெட்டுக்கொண்டிருந்தது அவருடைய கண். அதைக் காப்பாற்றக் கையில் இருந்த வாரங்களை நாங்கள் பெட்டி பார்ப்பதில் செலவழித்தோம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது ஸ்ரீபெரும்புதூரில், கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவு இன்ஜினியர். எனக்குக் காஞ்சிபுரம். சென்னையில் ஒரு நாளிதழில் ஆறு வருஷம் பிழை பார்த்தும் செய்தி சுருக்கியும் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு அதே நாளிதழுக்கு இந்த வட்டாரச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலை விபத்து, ஆட்சியர் அலுவலக மனு, தொழிற்சாலை வாசலில் உண்ணாவிரதம், கோயில் உற்சவம்.

முந்தைய அக்டோபரில் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனைக்குப் போனால் மருந்து இலவசம். கண்ணெதிரில் விழுங்கவைத்து அட்டையில் குறித்தும் வைப்பார்கள். அவர் போக மறுத்தார். அந்த வரிசையில் தொழிற்சாலை ஆள் ஒருத்தராவது நிற்பார், மறுநாள் கேன்டீனில் விஷயம் பரவும், அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து எவனும் தட்டைத் திறக்கமாட்டான் என்றார். தொழிற்சாலைக்கு டைபாய்டு என்று சொல்லி மூன்று வாரம் விடுப்பு எடுத்தார். பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனோம். நிதானமாகப் பேசும் மனிதர். நான்கு மாத்திரைகளை எழுதினார். நான்காவதன் பெயரைப் பேனாவால் இரண்டு முறை தட்டினார்.

"இது கண்ணைத் தொடலாம். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. பார்வையில ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா அன்னிக்கே வாங்க. தெரியாட்டியும் ரெண்டு மாசத்துல வரணும். இதை நிறுத்திடுவேன்."

டிசம்பரில் நாங்கள் போகவில்லை. அவருக்கு விடுப்பு மீதியில்லை. லைன் மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை. இருமல் நின்றிருந்தது, எடை ஏறியிருந்தது. பழைய சீட்டைக் காட்டினோம். மருந்துக் கடையில் அதே நான்கு மாத்திரைகளைக் கொடுத்தார்கள். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும் அப்படியே.

தொட்டி ஜனவரியில் வந்தது. அவருடைய தொழிற்சாலையில் இருந்த கொரிய அதிகாரி ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் வாஷிங் மெஷினையும் சோபாவையும் எடுத்துக்கொள்ள, இவர் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியைக் கேட்டு வாங்கினார். இரண்டு கோமாளி மீன்கள், நீலத்தில் விரல் நீள மீன் ஒன்று, சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு இறால், கொஞ்சம் பாறை. கூடவே பாதி தீர்ந்த ஒரு சோதனைப் பெட்டி. அதன் மேல் எல்லாம் கொரிய எழுத்து. புட்டிகளுக்கு என் கணவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டிக்கொண்டார்.

கடலோரத்தில் வளர்ந்தவர் வீட்டுக்குள் கடல் வைப்பதைப் பார்த்து நான் சிரித்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. விடுப்பு முடிந்து வேலைக்குப் போனாலும் அவருக்குப் பழைய தெம்பு திரும்பவில்லை. பஸ் இறங்கி வந்தால் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த இடத்தில் மட்டும் அவர் நோயாளி இல்லை.

உப்புநீர்த் தொட்டியில் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், மீன் செத்துக்கொண்டிருக்கும். கழிவிலிருந்து முதலில் அமோனியா, அது மாறி நைட்ரைட், கடைசியில் நைட்ரேட். மூன்றுக்கும் தனித்தனிச் சோதனை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, புட்டியிலிருந்து சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிஷம் காத்திருந்தால் நிறம் வரும். அட்டையில் அச்சடித்த நிறக் கட்டங்களோடு வைத்துப் பார்த்து எண் சொல்ல வேண்டும். நைட்ரேட்டுக்கு மஞ்சள் என்றால் நல்ல தண்ணீர். ஆரஞ்சு வந்தால் கவனிக்க வேண்டும். சிவப்புக்குப் போனால், அதாவது நாற்பதைத் தொட்டால், தண்ணீர் மாற்ற வேண்டும். புதனும் ஞாயிறும் பார்ப்போம். தொழிற்சாலைப் பழக்கப்படி இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்து எண் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். நான் இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதுவேன்.

ஜனவரி முழுக்க எங்கள் எண்கள் ஒன்றாகவே இருந்தன. பிப்ரவரி நடுவிலும் அப்படித்தான். கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமை நான் நைட்ரேட் இருபது என்றேன். அவர் பத்து என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் நாற்பது, அவர் பத்து.

"நாப்பதா? தலைப்புச் செய்தி போட்டிரு" என்றார். "பேப்பர்க்காரி கண்ணுல்லா, எல்லாத்தையும் பெருசாத்தான் பாக்கும்."

"நல்லாப் பாருங்க. செக்கச்செவேல்னு இருக்கு."

குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். "எங்கட்டி சிவப்பு? சாயங்கால டீ மாதிரில்லா இருக்கு. புட்டியில உள்ள ரீஏஜென்ட் பழசாயிட்டு. கொரியாக்காரன் எந்தக் காலத்துல வாங்குனானோ."

புட்டியின் காலாவதித் தேதி எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளுக்கு நடுவே இருந்தது. அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அந்த ஞாயிறே கொளத்தூருக்குப் போனோம்.

சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரு முழுக்கப் பாலிதீன் பைகளில் மீன் தொங்கும். உப்புநீர் மீன் விற்கும் கடைகள் அதில் சிலவே. நாங்கள் வாடிக்கையாகப் போன கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கை வரை தொட்டிக்குள் விட்டபடியே பேசுவார். முதலில் அவர் கொடுத்தது காகிதப் பட்டை. தண்ணீரில் முக்கி எடுத்தால் ஐந்து கட்டங்களில் ஐந்து நிறம் வரும்.

"அவசரத்துக்கு இது ஓகே சார். ஆனா இத்த நம்பி ஆபரேஷன்லாம் பண்ணக் கூடாது" என்றார்.

பட்டையிலும் எங்கள் எண்கள் ஒத்துப்போகவில்லை. பட்டை நம்பகமில்லை என்று விற்றவரே சொன்னதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து சொட்டு விடும் பெட்டி ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் நன்னீர்த் தொட்டிக்கான நிற அட்டை மட்டும் இருந்தது. உப்புத் தண்ணீர் அட்டை விடுபட்டிருந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி போய் அட்டையை வாங்கி வந்தோம். சரியான அட்டையோடு பார்த்தபோதும் நான் நாற்பது, அவர் பத்து.

அன்றைக்குத்தான் அவர் தொழிற்சாலைச் சோதனையை வீட்டில் வைத்தார். அளவுகோல் மேல் சந்தேகம் வந்தால் தரப் பிரிவில் செய்வது அது: ஒரே பொருளை இரண்டு பேர், ஆளுக்கு மூன்று முறை, ஒருத்தர் எண்ணை இன்னொருத்தர் பார்க்காமல் அளக்க வேண்டும். ஆறு குழாய்களில் ஒரே தண்ணீரை ஊற்றிச் சமையல் மேடையில் வரிசையாக வைத்தோம். நான் பார்க்கும்போது அவர் ஹாலில் நின்றார். அவர் பார்க்கும்போது நான் நின்றேன். என் மூன்று எண்களும் நாற்பது. அவருடையது பத்து, ஐந்து, இருபது.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேருக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தா கேஜை மாத்தணும்" என்றார்.

அந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அளவு தப்பினால் முதலில் கருவியை மாற்றுவார்கள். ஆளைப் பற்றிக் கேட்பது கடைசி. அதற்குள் ஷிப்டு மாறியிருக்கும். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஒரு சம்பவத்துக்கு இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொன்னால், ஒவ்வொருத்தரும் எங்கே நின்றார்கள், அங்கிருந்து என்ன தெரியும் என்று கேட்க நாளிதழில் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தாளில் அவருடைய மூன்று எண்கள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாததையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, சிங்கப்பூரிலிருந்து வரும் பெட்டிதான் சிறந்தது என்று இணையத்தில் படித்ததை அவரிடம் சொன்னேன்.

அது வர மூன்று வாரம் ஆனது. என்னோடு செய்தி அறையில் வேலை பார்த்தவளின் அண்ணன் கொண்டுவந்தார். அதற்குள் இறால் செத்தது. பாறைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். நைட்ரேட் பத்து என்று நம்பி அவர் தண்ணீர் மாற்றாமல் இருந்தார்; நாற்பதையும் தாண்டி எண்பதுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரில் முதலில் போவது இறால்தான். நானாவது வாளியைத் தூக்கியிருக்கலாம். அவருடைய தொட்டி, அவருடைய துறை என்று விட்டுவிட்டேன்.

சிங்கப்பூர்ப் பெட்டி வந்தபோது அவர் அதை ஆர்வமாகப் பிரித்தார். குறிப்புத் தாளைக் கண்ணுக்கு மிகக் கிட்டே வைத்துப் படித்தார். எழுத்து பொடிதான் என்று நினைத்துக்கொண்டேன். சோதனை முடிந்ததும் தான் எண் சொல்வதற்கு முன், "நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் முதல் முறையாகச் சட்டத்தை மீறினார். நான் எண்பது என்றேன். "ம்" என்றார். நோட்டில் அவருடைய பத்தி அன்று காலி.

மே முதல் ஞாயிறு அவர் கொளத்தூர்க் கடைக்காரரிடம் வேறு ஒன்றைக் கேட்டார்.

"அண்ணே, நிறம் பாக்காம, நம்பர் மட்டும் காட்டுத மாதிரி மீட்டர் எதும் உண்டுமா?"

"அமோனியா நைட்ரேட்டுக்கெல்லாமா? லேப்ல கீது சார். வூட்டுக்கு யாரு வாங்குவா?" என்றவர் கையைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பெட்டி வாங்கினு போனீங்க. ரெண்டுமா டூப்ளிகேட்டு? தண்ணி கொண்டாந்துகீறீங்களா? குடுங்க, நானே பாக்கறேன்."

கடைக்காரர் தன் பெட்டியில், தன் அட்டையோடு பார்த்தார். ஐந்து நிமிஷம் கழித்துக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்தார். ரத்தச் சிவப்பு. பக்கத்தில் மீன் வாங்க வந்திருந்த ஒரு அம்மாவும் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா அது, ரூஹப்சா சர்பத்தா?" என்று கேட்டார்.

கடைக்காரர் என் கணவரிடம் குழாயைக் கொடுத்தார். "நீங்க சொல்லுங்க சார்."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சள்... கொஞ்சம் பழுப்பா..."

கடைக்காரர் பெரிதாகச் சிரித்தார். "இன்னா சார், டமாஸா? வண்டி நீங்கதான ஓட்டினு வந்தீங்க? சிக்னல்லாம் எப்டிப் பாத்தீங்கோ?"

என் கணவர் சிரிக்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டு, "முன்னாடி போற வண்டிய பாத்து" என்றார்.

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. கேட்டுக்கொண்டிருந்த அம்மா தன் மீன் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கொளத்தூருக்கு ஒன்றரை மணி நேரம், லாரிகளுக்கு நடுவே, நான் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தேன். இதோடு நான்கு ஞாயிறுகள். பூந்தமல்லியைக் கடந்துதான் ஒவ்வொரு தடவையும் போனோம். மருத்துவரின் கிளினிக் ஷட்டர் சாத்தியிருப்பதைப் பார்த்துக்கொண்டே.

அப்போதுதான் எனக்கு நான்காவது மாத்திரையும், அதைத் தட்டிய பேனாவும் ஞாபகம் வந்தன. வண்டியைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம்.

பஸ்ஸில் கேட்டேன், எத்தனை நாளாக என்று.

"வேலையில மொதல்ல தெரிஞ்சுது. பச்சை ஒயரும் பழுப்பு ஒயரும் ஒண்ணுபோல இருந்துச்சு. லைட்டு சரியில்லன்னு பல்ப மாத்தச் சொன்னேன்."

"மாத்தினாங்களா?"

"மாத்துனாங்க." டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார். "ஜூன்ல வருஷக் கண் டெஸ்டு. ஒயர் லைன்ல நிறம் தெரியலன்னா நிக்கவிட மாட்டாங்க. காய்ச்சல் அசதி, தானாப் போயிரும்னு இருந்தேன்."

"அப்போ பெட்டி தப்புன்னு சொன்னதெல்லாம்?"

"பாதி நம்புனேன்ட்டி. பெட்டி தப்பா இருந்தா நல்லாருக்கும்லா."

மறுநாள் எழும்பூரில் ஒரு கண் மருத்துவமனையில் புள்ளிகளால் எண் எழுதிய புத்தகத்தை அவர் முன் விரித்தார்கள். முதல் பக்கத்துக்குப் பிறகு எந்த எண்ணையும் அவரால் சொல்ல முடியவில்லை. எழுத்து அட்டையில் மேலிருந்து இரண்டு வரிதான் படிக்க முடிந்தது. மருத்துவர் ஒரு பெண், என் வயதுதான். மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் முகம் இறுகியது. நான்காவதை அன்றே நிறுத்தச் சொன்னார். மற்றவற்றைப் பற்றிப் பூந்தமல்லி மருத்துவரிடம் தானே போனில் பேசினார். பிறகு எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்.

"பொதுவா யாருக்கும் சரியாச் சொல்லத் தெரியாது. சுமாராச் சொன்னாப் போதும்" என்றார்.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது ஏன் அதை எடுத்து வைத்தேன் என்று தெரியவில்லை. எங்கே போனாலும் குறிப்புகளோடு போய்ப் பழக்கம். மருத்துவர் இரண்டு பத்திகளையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். எண்கள் பிரியும் வரியில் விரல் நின்றது.

"இது என்ன? இவ்வளவு சுத்தமா ஒரு பதிவு நான் பார்த்ததே இல்ல."

மீன்தொட்டி என்றேன். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் வாரங்களை எண்ணினார்.

"திரும்பி வருமா, டாக்டர்?" என் கணவர் கேட்டார்.

"பல பேருக்கு வரும், மாசக்கணக்காகும். ஆரம்பத்துலயே நிறுத்தினவங்களுக்கு நல்லா வரும்."

"நாங்க ஆரம்பமா?"

மருத்துவர் மறுபடி நோட்டைப் பார்த்தார். "பார்ப்போம்" என்றார்.

நோய் அந்த வருஷத்துக்குள் முழுசாகக் குணமானது. கண் கொஞ்சம் திரும்பி வந்தது. ஒரு வருஷம் கழித்து அட்டையில் நான்கு வரி படித்தார். அதற்கு மேல் போகவில்லை. நாளிதழில் தலைப்பு தெரியும், செய்தி தெரியாது. எதிரில் நிற்பவரின் முகத்தை நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு மங்கல்; அதனால் கொஞ்சம் ஓரமாகப் பார்த்துப் பேசுவார். தொழிற்சாலையில் உண்மையைச் சொல்ல வேண்டிவந்தது. அவர் பயந்த மாதிரி யாரும் ஒதுங்கவில்லை. கேன்டீனில் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோதுதான் அவர் அழுததைப் பார்த்தேன். லைனிலிருந்து எடுத்துப் பயிற்சிப் பிரிவில் போட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அளவெடுக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை.

தொட்டியைக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. உப்பு கலக்குவதும் தண்ணீர் மாற்றுவதும் கைப்பழக்கத்தில் அவருக்கு வந்தது. சோதனை மட்டும் என் வேலையானது. குழாயை நான் பார்ப்பதற்குள் அவர் ஒரு எண்ணை ஊகித்துச் சொல்வார்; அதை அவருடைய பத்தியில் எழுதுவேன். தீனி எவ்வளவு, தண்ணீர் மாற்றி எத்தனை நாள் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்துச் சொல்வது; பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இருந்தால் அன்று முழுக்க உற்சாகமாக இருப்பார்.

2014 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அன்று காலைதான் அவர் குளிக்கும்போது ஷாம்பு என்று நினைத்து வேறெதையோ தலையில் தேய்த்துக்கொண்டு, வெளியே வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் குழாயைக் குலுக்கி வைத்தேன்.

"இன்னைக்குப் பத்துதான் இருக்கும்" என்றார்.

குழாயில் நல்ல சிவப்பு. நாற்பது.

"பத்துதான்" என்றேன்.

வேலையிலும் வீட்டிலுமாக அத்தனை வருஷத்தில் நான் தெரிந்தே தப்பாக எழுதிய எண் அது ஒன்றுதான். பேனாவைக் கீழே வைத்த சத்தத்திலோ, பதில் சீக்கிரம் வந்துவிட்டதிலோ, அவருக்குப் புரிந்துவிட்டது.

"இங்க பாரு" என்றார், என் காதுக்குப் பக்கமாகப் பார்த்தபடி. குரலை உயர்த்தவில்லை. "நீ சொல்லுதத வச்சுத்தான் தண்ணி மாத்துதேன். நீ எனக்காகப் பத்துன்னு சொன்னா நான் சும்மா இருந்துருவேன். மீனு மூணும் செத்துப்போகும்."

நான் பேனாவை மறுபடி எடுத்தேன்.

"எவ்வளவு?"

"நாற்பது."

"சரி" என்று எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு போய், கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கிவந்தார். நான் நோட்டில் என் பத்தியில் இருந்த பத்தை அடித்து நாற்பது என்று எழுதினேன். அவருடைய பத்தியில், அவர் சொன்னபடியே, பத்து.